ஸ்டாக் நிரம்பிய சாரல் காலம்

கம்பைலர் எழுதுகிறவளுக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. வேலையைத் தலைக்குள் போட்டுக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, அறுபதுகளின் கடைசியில் நானும் அப்படித்தான் பம்பாயிலிருந்து தென்காசியில் வந்து இறங்கினேன்.

அண்ணனுக்குப் புரிந்த உத்தியோகம்

அண்ணனுக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் மண்டி. பம்பாயில் நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டான். மனிதர் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டரின் எண்களாக மாற்றுவதுதான் கம்பைலர், நேரே மாற்றுவது பெரும்பாடு. அதனால் நடுவில் ஓர் இடைமொழி வைத்திருக்கிறோம் என்றேன். அதில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டளைகள்தான். இவ்வளவு இடம் எடு, இதைக் கூட்டு, பூஜ்யமானால் அங்கே தாவு. முதலில் அதற்கு மாற்றி, அதிலிருந்து எந்திரத்துக்கு மாற்றுவோம்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் நீ பாக்கதும் தரகுதான். இதுக்கா பம்பாய் வரைக்கும் போன?"

லீவு கொடுத்த காரணம்

என்னோடு வேலை பார்த்த ரூபி, இலஞ்சிக்காரி. அவளும் லீவில் வந்திருந்தாள். எங்கள் கம்பைலரில் சின்ன புரோகிராம்கள் பறந்தன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற பெரிய சுற்று வந்தால் மட்டும், ஸ்டாக் நிரம்பிவிட்டது என்று பாதியில் படுத்துவிடும். ஸ்டாக் என்றால் தெரியுமே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் நினைவிடம்.

மாதக்கணக்கில் முட்டிமோதியும் தீரவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து எங்கள் பிரிவுத் தலைவரே லீவு கொடுத்தார். நாங்கள் ஊரில் இருக்கும் சனிக்கிழமையே கடைசிப் பரீட்சை என்றும், தோற்றால் வெளிநாட்டுக் கம்பைலரை வாங்கிவிட்டு எங்களுடையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ரூபி சொன்னாள்: "சாவு வீட்டுல பிள்ளைகளை வெளிய அனுப்புவாங்கள்லா, அப்படி அனுப்பிருக்காரு நம்மள."

ஐந்தருவித் துண்டுகள்

வியாழக்கிழமை அண்ணன், மதினி, ரூபி, நான் எல்லோரும் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனோம். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு தடவை குளித்துவிட்டுக் கிளம்புகிற ஜாதியில்லை. நனைவது, வந்து துவட்டுவது, பஜ்ஜி தின்பது, மறுபடி அருவிக்குள் போவது. அண்ணன் ஒவ்வொரு சுற்றுக்கும் பையிலிருந்து புதுத் துண்டு உருவினான். கடைசியில் மதினிக்குத் துவட்ட ஒன்றுமில்லை.

"வரும்போதே ஆளுக்கு ஒண்ணு எடுத்தாப் போதாதா? ஒவ்வொரு முங்கலுக்கும் புதுசா உருவினா பை என்னத்துக்கு ஆகும்?" என்று மதினி பிடித்துக்கொண்டாள்.

நான் ஈரத்தோடு அப்படியே நின்றேன். எங்கள் இடைமொழியும் இதையேதான் செய்துகொண்டிருந்தது. 'இடம் எடு' என்ற கட்டளை சுற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதோ, அந்தச் சுற்றை உள்ளடக்கிய துணைப் புரோகிராமான சப்ரொட்டீன் முடியும்போதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது இடம் என்றால் ஸ்டாக் நிரம்பாமல் என்ன செய்யும்?

அருவி இரைச்சலில் ரூபியின் காதுக்குள் கத்தினேன். கேட்டுவிட்டு அவள் இன்னொன்றையும் பிடித்தாள். சப்ரொட்டீனின் நடுவிலிருந்தே வெளியே தாவுகிற வழிகளில், எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதே இல்லை. "எடுக்கதை எல்லாம் நுழையும்போதே எடுத்துருவோம். எங்கன இருந்து தாவினாலும் ஒரே வாசலுக்கு வந்து, குடுத்துட்டுத்தான் வெளிய போவணும்."

ட்ரங்க் கால்

மறுநாள் தென்காசி தபாலாபீசில் பம்பாய்க்கு லைன் கிடைக்க மதியமாகிவிட்டது. கிடைத்த லைனிலும் ஒரே கரகரப்பு. கம்பைலரின் எந்தெந்தத் துளை அட்டையை உருவி எங்கே செருக வேண்டும் என்று ரூபி சொல்லச் சொல்ல, நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சக ஊழியர் மதுரைக்காரர். புரிந்ததா என்று தமிழிலேயே நான்கு தரம் கேட்டேன். நுழையும்போதே இடம் எடுக்கணும், நடுவில் எடுக்கக்கூடாது, வெளியேற ஒரே வாசல்.

வரிசையில் நின்ற சுந்தரபாண்டியபுரத்துப் பெரியவர் ஒருவர், ஏதோ சினிமாக் கொட்டகைக்கு உத்தரவு போடுகிறேன் என்று நினைத்து மெச்சினார். "நல்லாக் கண்டிசனாச் சொல்லிட்ட தாயி. இனி ஒரு பய தப்ப மாட்டான்."

திங்கட்கிழமைத் தந்தி

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலை தந்தி வந்தது. எல்லா புரோகிராம்களும் ஓடின, வெளியே வாங்கவில்லை, இனி எல்லோருக்கும் உங்கள் கம்பைலர்தான் என்று தலைவர் அடித்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு இலஞ்சிக்குப் போய், தந்தியை ரூபியின் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு தரம் படித்தாள்.

"ஜெயிச்சிட்டோம் ஏட்டி. இனி பம்பாய்ல எவன் புரோகிராம் தப்பா ஓடினாலும் நம்ம வாசலுக்குத்தான் வருவான்."

அவள் சொன்னபடியே வந்தார்கள். புரோகிராம் சரியாக ஓடியவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததை வைத்துத்தான் எங்கள் வெற்றியை நாங்கள் கணக்கிட வேண்டியிருந்தது.