பெரியம்மாவின் தொட்டில் சேலை

அன்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அம்மா, அப்பா, கிள்ளானிலிருந்து வந்த பெரியம்மா, பிறந்து முப்பதே நாளான தம்பி, ஒன்பது வயது நான். பெரியம்மா பையைத் திறந்ததும் என் மூக்கில் சுள்ளென்று ஏறியது "பாச்சை உருண்டை" வாசனை.

தம்பி பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் ஓர் அட்டையைக் கொடுத்து, பாச்சை உருண்டை அவன் பக்கமே வரக்கூடாது, அவன் ரத்தம் தாங்காது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா வீட்டிலிருந்த உருண்டைகளை அன்றே பொறுக்கி எறிந்துவிட்டாள். ஆனால் முப்பதாம் நாள் தொட்டிலுக்கு, பெற்ற பிள்ளைகளைக் குறையில்லாமல் வளர்த்தவளின் சேலையைத்தான் கட்டவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஐந்து பெற்ற பெரியம்மாவின் பட்டுச் சேலை இரும்புப் பெட்டிக்குள் உருண்டைகளோடு வருடக்கணக்காகக் கிடந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சாம்பிராணிப் புகையில் மற்றவர்களுக்கு வாசனையும் எட்டவில்லை. எனக்கு எட்டியது. ஆனால் காலையிலிருந்து தம்பிக்கு மூச்சு வருகிறதா என்று நான்கு முறை கேட்டு, "நல்ல நாளும் அதுவுமா வாய மூடிக்கிட்டு இரு லா" என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சேலைத் தொட்டிலில் கிடத்திய மூன்றாம் நாள் தம்பியின் கண்கள் மஞ்சளாயின. மூத்திரம் "கோப்பி ஓ" நிறத்தில், பால் விடாத கறுப்புக் காப்பியாகப் போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். பெரியம்மா வராந்தாவில், "நல்லதுக்குத்தானேடி கொண்டாந்தேன்" என்று அழுதாள். உருண்டை வாசனை எனக்கு அன்றே எட்டியது என்பதை அவள் கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை.

என் படிப்பு படிவம் மூன்றோடு நின்றுபோனது. தம்பிக்கு உடம்பில் என்னதான் குறை என்பதே, போன மாதம் ஷா ஆலமில் லேப்பில் வேலை செய்யும் என் மகள் சொல்லித்தான் புரிந்தது.

"பாட்டி மாலை கட்டுன பூக்கடையில ஆர்டர் புத்தகம் மொதலாளி மேசைய விட்டு நகராதுன்னு சொல்வீங்கல்ல? சீட்டுல காப்பி எடுத்துத்தானே கட்டுறவங்ககிட்ட குடுப்பாங்க? நம்ம உடம்புல இருக்குற செல்லும் அப்படித்தான்மா, ஜீன்தான் அங்க புத்தகம். சீட்ட மூணு மூணு எழுத்தா படிச்சு, ஒவ்வொரு மூணுக்கும் ஒரு பூ கோக்கும். கட்டி முடிச்ச மாலதான் புரதம். மாமா புத்தகத்துல ஒரு எழுத்து மாறிப்போச்சு, பூ ஒண்ணு மாறிருச்சு, ரத்தத்தக் காக்குற மால சீக்கிரம் அவுந்துருது. அதான் உருண்டை வாசனை பட்டா ரத்தம் ஒடையுது."

"அந்த எழுத்து எங்கேருந்து வந்துச்சு?"

"பாட்டிகிட்டேருந்து. உங்களுக்கும் வந்து, எனக்கும் வந்திருக்கு. பொம்பளைங்களுக்கு இன்னொரு புத்தகம் கைவசம் இருக்கு, சமாளிச்சுருவோம். நீங்க பயந்தா எழுத்து மாறிடுமா, சொல்லுங்க?"

அவள் மடியில் கிடந்த பிள்ளைக்கும் அதே அட்டைதான் கொடுத்திருந்தார்கள்.

போன வாரம் அவனுக்கு முப்பதாம் நாள். பெரியம்மா இல்லை, இரும்புப் பெட்டி இல்லை, அந்த பிளாட்டையும் இடித்துவிட்டார்கள். நான் வாசலில் நின்று வருகிறவர்களின் பட்டுச் சேலைகளையெல்லாம் மோந்துகொண்டிருந்தேன். "என்ன சம்பந்தி, கஸ்டம்ஸ் செக்கிங்கா?" என்று சிரித்தபடியே மாப்பிள்ளையின் அம்மா, தொட்டிலுக்கென்று ஆசையாகக் கொண்டுவந்த சேலையை நீட்டினார். அதே வாசனை.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி, இது வேணாம்!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பேரன் வீறிட்டு எழுந்தான்.