தங்கமான ஆள்

போன வாரம் தங்கை குடும்பம் திருச்சியிலிருந்து குற்றாலம் வந்திருந்தது. நல்ல சாரல். பார்த்துவிட்டு வரலாமென்று அவர்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். வராந்தாவில் தங்கை மகள் — ஏழு வயது வாலு — ஈரத் துண்டோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். வெந்நீர் வாளியோடு அவளைத் தாண்டி ஒருத்தர் வந்தார்.

பார்த்ததும் பகீரென்றது. செல்வம்! (பேரை மாற்றியிருக்கிறேன்.)

தென்காசியில் எங்கள் தெருக்காரர். ஒரு சின்னப் பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டு, தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர். திரும்பவும் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு வீடு கேட்டார். அந்தப் பெண்ணின் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் முடியாது என்றுவிட்டார். கொஞ்ச நாளில் ஆளையே காணோம். தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது, நானும்தான். எங்கே போனார் என்று யாராவது கேட்டோமா?

இங்கேதான் வந்திருக்கிறார்!

மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, மேனேஜர்ட்ட சொல்லிராதிய. தண்டனைய அனுபவிச்சுட்டுத்தான வந்திருக்கேன்? இன்னும் நான் எங்கதான் போவேன்?"

பாவமாக இருந்தது. மேலே குழந்தை ஓடும் சத்தம் கேட்டது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்... எதை நம்புவது?

வக்கீல் நண்பருக்குப் போன் போட்டேன். "ஸ்கூல்ல வேலைன்னா விசாரிப்பாவ. லாட்ஜுல வெந்நி சுமக்க யாரு விசாரிக்கா? இங்கன குடியிருக்கக் கூடாதுன்னு பொதுவா ஒரு சட்டமும் நம்ம ஊர்ல கிடையாது" என்றார்.

சில வெளிநாடுகளில் உண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வீடு எடுக்கக் கூடாது என்று. அதே கணக்கில் தென்காசிப் பக்கம் பள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டால் மிச்சம் இருப்பது மலையும் அருவியும்தான். அருவியில் பாதிக் கூட்டம் குழந்தைகள்!

கடைசியில் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். தங்கை மகள் முகம்தான் சொல்ல வைத்தது. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? உங்க தெருவுல வாடகைக்கு வீடு விடுதாருல்லா, அவருதான் சேத்துவிட்டாரு. தங்கமான ஆளு, கண்ண மூடிக்கிட்டு வேலைக்கு வச்சுக்கோன்னு சொன்னாரே!"

வீடு தர மாட்டேன் என்ற அதே வீட்டுக்காரர்!

"நல்லவேள சொன்னிய. இன்னைக்கே மாத்திருதேன்" என்றார் மேனேஜர்.

"எங்க?"

"கடையம் ஊர்ல எம் மச்சான் பேக்கரி வச்சிருக்கான். ஆளு வேணும் ஆளு வேணும்னு உசிர எடுக்கான்."

"மச்சான்ட்ட விஷயத்தச் சொல்லுவியள்லா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொன்னா எவன் வேல குடுப்பான்? தங்கமான ஆளுன்னுதான் சொல்லணும்."

பேக்கரி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. சாயங்காலம் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகுமாம்.

மச்சானின் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தேன். இதை எழுதி முடித்ததும் கூப்பிடத்தான் போகிறேன். பிள்ளைகள் வரும் கடை, கூப்பிடாமல் எப்படி இருப்பது?

ஆனால், அந்த மச்சானுக்கு எந்த ஊரில் மச்சான் இருக்கிறாரோ...