சாப்பாட்டறைக்கு வாங்கிய மின்விசிறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருபத்தாறு வருடமாக வயரிங் வேலை செய்கிறவன் நான். லைட் தானாக எரிகிறது, தானாக அணைகிறது, வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பசறைப் பக்கம் எத்தனையோ பேர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் எலி வயரைக் கடித்திருக்கும். என் மனைவி வீட்டார் தலைவலி வந்தாலும் பேயோட்டுகிற கோடாங்கியைத் தேடிப் போகிற ஆட்கள், அவர்களோடு இதற்காகவே மாசக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதை ஒரு டொக்டர் அம்மாவும் அவருடைய கணவரும் வாங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், கொழும்பில் வீடு இருக்கிறது, ஆனால் கோடையில் வந்து தங்க மலையில் ஒரு வீடு வேண்டுமாம். பங்களாவோடு சுற்றியிருந்த நிலமும் அவர்களுக்குப் போனது. அந்த நிலத்தில், பங்களாவுக்கு நேர் கீழே, தோட்டத்து ஆட்களுக்கு வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிக் கொடுத்த பழைய லயம் ஒன்று இருந்தது, நாலு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. மூன்று காம்பராவில் இருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நாலாவதில் என் அப்பா இருந்தார்.

அவர் பிறந்தது அந்தக் காம்பராவில், என் அம்மா செத்ததும் அங்கேதான். பசறையில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், வரவே மாட்டார். சாகும்வரை அங்கே இருக்க விட்டால் போதும் என்பார். காகிதம், காணி உறுதி என்று கையில் ஒன்றும் கிடையாது, எங்கள் ஆட்களில் யாரிடம் இருந்தது? ஆனால் அப்பா லேசான ஆள் இல்லை. பதினைந்து வருடம் தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று நிர்வாகத்தோடு வாதாடியவர். தோளில் கிடக்கிற துண்டை எந்தத் துரைக்காகவும் எடுத்ததில்லை, ‘தொரை’ என்ற சொல்லையே வாயில் எடுத்ததில்லை. மனேஜர் என்றுதான் சொல்வார்.

பங்களாவில் வயரிங் வேலைக்கு டொக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டபோது, முதல் நாளே அப்பாவின் காம்பராவைப் பற்றிக் கேட்டேன்.

"பாப்பம் தம்பி. அந்த லயத்தை எடுத்தாத்தான் மலை வடிவாத் தெரியும் எண்டு இவர் சொல்றார். முதல்ல இந்த ஃபான் வேலையை முடிப்பம்" என்றார்.

சரி, வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தால் மனம் இளகும் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "ஃபேன் மாட்டி வீடு வாங்க முடியுமாடா? நீ ஒன் வேலயப் பாரு. வீட்டு விசயத்த நானே நேருல கேட்டுக்கிறேன்."

மின்விசிறி தேர்ந்தெடுக்க அந்த அம்மா பட்ட பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு பதுளையில் உள்ள எல்லாக் கடைக்கும் போனார். ஒரு பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். வெள்ளை நிறம் ஆகாது, மினுங்கக் கூடாது, லைட் வைத்தது வேண்டவே வேண்டாம்.

"வீட்டின்ர வயசுக்குப் பொருத்தமா இருக்க வேணும் தம்பி. பழைய வீட்டுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு."

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கூரை உயரம், குட்டைக் குழாயில் மாட்டினால் காற்று மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், நீளமான குழாய் வேண்டும். சீலிங் பலகையில் தொங்கவிடக் கூடாது, உத்தரத்தில்தான் கொளுவ வேண்டும். வராந்தாவுக்கு மர இறக்கை வாங்கினால் மலை ஈரத்தில் ஊதிப்போய்த் தொங்கிவிடும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். படுக்கையறைகளுக்கு மூன்று இறக்கை, சாப்பாட்டறைக்கு மட்டும் பழைய பித்தளை நிறத்தில், ஐந்து மர இறக்கையோடு, மெதுவாகச் சுற்றுகிற ஒன்று. ஒரு வீட்டுக்குக் காட்டுகிற அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கீழே அப்பாவின் காம்பராவுக்கும் அதே வயசுதான்.

சாப்பாட்டறையில் ஏணி வைத்து ஏறியபோது உத்தரத்தில் இரண்டு பழைய இரும்புக் கொக்கிகள் இருந்தன. பின் சுவரில், உயரத்தில், கை நுழைகிற அளவில் ஒரு ஓட்டை, அதன் மறுபக்கம் பின் வராந்தா. டொக்டர் அம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

"இஞ்ச பாருங்கோ, பங்கா இருந்த இடம்! உதுக்குள்ளாலதான் கயிறு போயிருக்கும்."

அது என்ன என்று அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரண்ட் வருவதற்கு முந்தைய காலத்தில் சாப்பாட்டு மேசைக்கு மேலே நீளமாக ஒரு துணித் தட்டி தொங்கும், அதுதான் பங்கா. அதில் கட்டிய கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும். வெளியே ஒருவன் உட்கார்ந்து இழுத்து இழுத்து விட்டால் உள்ளே துரை காற்று வாங்கிக்கொண்டு சாப்பிடுவார். இந்தப் பங்களாவில் அப்படி உட்கார்ந்து இழுத்தவர் என் அப்பாவின் தாத்தா. கை ஓய்ந்துபோனால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு காலால் இழுப்பாராம். தூக்கத்திலும் கால் நிற்காதாம். அப்பா அதை ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொல்லியிருக்கிறார், சொல்லிவிட்டுக் காறித் துப்பினார்.

இதை டொக்டர் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பார்.

இனிமேல்தான் விசயம். மின்விசிறியை மாட்டிவிட்டு, வயரை அந்தப் பழைய ஓட்டை வழியாகவே கொண்டுபோனேன். இரண்டடிக் கல் சுவர், எதற்கு வீணாக இன்னொரு துளை? மறுநாள் டொக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, சுவிட்சை வெளியில வச்சிருக்கிறியள்? காத்து வேணுமெண்டா ஒராள் பின் வராந்தாவில போய் இருக்கிறதே?" என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். சுவிட்சும் ரெகுலேட்டரும் பின் வராந்தாச் சுவரில், ஓட்டைக்கு நேர் கீழே, தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கையெட்டுகிற உயரத்தில் இருந்தன. உள்ளே கதவுக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் போட்ட அடையாளம் அப்படியே இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் ஒரு அறையின் சுவிட்சை அந்த அறைக்கு வெளியே வைத்தவன் இல்லை நான். ஆனால் வைத்தது என் கைதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்று சொல்லி, வயரை அறுத்து வெளியே இழுத்துப் போட்டேன். மின்விசிறிக்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் செய்துவிட்டுத்தான் போனேன், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் நல்ல மத்தியானம். சித்திரை வெயில், ஒரு இலை ஆடவில்லை. சாப்பாட்டறை ஜன்னல்கள் பழைய பெயின்ட்டில் ஒட்டிப்போய்த் திறக்க வராமல் கிடந்தன. டொக்டர் அம்மாவும் கணவரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டதால், சுவரைக் கொத்தினால் தூசி பறக்கும் என்று நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தோளில் துண்டு. காம்பராவைப் பற்றி நேரில் கேட்க வந்திருக்கிறார். பின் வராந்தாவில் நிற்கிறார் என்று நான் உள்ளே சொன்னேன்.

"சாப்பிட்டு முடிச்சிட்டு வாறன், இருக்கச் சொல்லுங்கோ" என்றார் டொக்டர் அம்மா. குரலில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இருப்பதற்கு அங்கே நாற்காலி இல்லை. அப்பா தரையில் உட்கார்ந்தார். நான் திரும்ப வந்து வாசலில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஃபிரிஜ் சத்தம் நின்று வீடே அமைதியானது. ஐந்து நிமிடம் இருக்கும். மேசையில் இருந்த கடதாசி ஒன்று மெல்ல எழுந்து கீழே விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி அசைகிறது. சுற்றவில்லை, கவனியுங்கள். கால்வாசி இந்தப் பக்கம் வந்து நிற்கிறது, பிறகு கால்வாசி அந்தப் பக்கம் போகிறது. மறுபடி இந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் உத்தரம் லேசாக முனகுகிறது. எந்த மோட்டாரும் அப்படி ஓடாது. வயரே இல்லாத மோட்டார் எப்படியும் ஓடாது. ஆனால் காற்று வந்தது, என் முகத்தில் பட்டது, சுகமாகவும் இருந்தது.

"ஆ, நல்ல காத்து" என்றார் கணவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நான் நடை வழியாகப் பின் வராந்தாவுக்கு ஓடினேன். அப்பா ஓட்டைக்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பு கழன்று கிடந்தது. வலது கால் நீட்டியிருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அந்தக் கால் இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது, விடுகிறது. அவர் இழுக்கும்போது உள்ளே உத்தரம் முனகுகிறது. கயிறு எதுவும் இல்லை. காலுக்கு மேலே கையை வீசிப் பார்த்தேன், ஒன்றுமே தட்டுப்படவில்லை.

காலைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றில் நிரம்பிய வாளியைப் பிடித்தது மாதிரி ஒரு பாரம் என் கையை இழுத்தது. முழுப் பலத்தையும் போட்டு அழுத்தினேன். உள்ளே முனகல் நின்றது.

"ஐயோ, நிண்டிட்டுது" என்று டொக்டர் அம்மாவின் குரல் கேட்டது.

அந்தக் குரல் கேட்டதும் என் கை தளர்ந்துவிட்டது. நான் விடவில்லை, அதுவாக விட்டது. கால் மறுபடி இழுக்கத் தொடங்கியது. இதை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, கேவலமாக இருக்கிறது.

பிறகு தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து குனிந்து நின்றார்.

"தொரை சாப்ட்டாருங்களா? காத்து பத்துச்சுங்களா?"

அது அவர் குரல்தான், ஆனால் அந்தப் பேச்சு அவருடையது இல்லை. "அப்பா, நான் செல்வம்" என்றேன். தலையாட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த பாதையிலேயே இறங்கிப் போய்விட்டார். எதற்கு வந்தோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை.

டொக்டர் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அப்பா போயிட்டாரோ? என்னவோ கேக்க வந்தவரெல்லோ?"

கேட்டிருக்க வேண்டியது நான்தான். அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது, சாப்பிட்டுக் காற்று வாங்கி நல்ல மனதோடு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்லீங்கம்மா, சும்மா பாத்துட்டுப் போக வந்தாருங்க" என்றேன்.

இரண்டு மாதத்தில் லயத்தை உடைத்தார்கள். சாமான் ஏற்ற லொறியை டொக்டர் அம்மாதான் அனுப்பினார், பழைய தகரங்களையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும். சுவிட்சை உள்ளே மாற்றிக் கொடுத்தேன், மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது. ஆனாலும் ஒருநாள் போன் எடுத்து, "அண்டைக்கு ஆடின மாதிரி ஆட வைக்க ஏலாதோ தம்பி? அந்தக் காத்து வேற மாதிரி இருந்தது" என்றார். முடியாதுங்கம்மா என்று வைத்துவிட்டேன்.

நானும் என்னென்னவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். உத்தரம் வெயிலில் விரிந்திருக்கலாம், குழாய் ஆடியிருக்கலாம். அப்பா பகல் தூக்கத்தில் கால் ஆட்டியது தற்செயலாக இருக்கலாம். அந்தப் பாரத்துக்கு மட்டும் ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை.

அப்பா இப்போது பசறையில் எங்களோடுதான் இருக்கிறார். அதிகம் பேசுவதில்லை. தன் காம்பராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நடு அறையில் பாயில் படுப்பார், என் சின்ன மகளும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். போன கிழமை அப்படி அவர்கள் தூங்கும்போது கரண்ட் போனது. பிள்ளைக்கு வேர்க்குமே என்று விசிறி மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. சுவரில் கலண்டர்த் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அப்பாவின் வலது கால் போர்வைக்கு வெளியே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவரை எழுப்பத்தான் குனிந்தேன்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றியில் முடி பறக்க, சுகமாக, தூக்கத்திலேயே, "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றாள்.

நான் எழுப்பவில்லை.