அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான்தான். சம்பளமில்லாத வேலை. வைத்தியரிடமோ நகரசபையிலோ டெர்மின் என்று நேரம் குறித்துக் கொடுத்தால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அதனால் எட்டாம் வகுப்பில் கணித ஆசிரியை அப்பாவை அழைத்தபோது, என் மீதான குற்றச்சாட்டையும் நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

குற்றம் இதுதான். இயற்கணிதக் கோவை ஒன்றைத் தந்தால், அதன் பொதுக்காரணியை வெளியே எடுத்து, மிச்சத்தை அடைப்புக்குள் எழுத வேண்டும். நான் இரண்டை மட்டும் வெளியே எடுத்துவிட்டுப் பேனையை வைத்துவிடுவேன். மேற்கொண்டு ஏன் கிண்ட வேண்டும் என்பது என் கொள்கை. கடைசிச் சோதனையில் ஐந்து வாங்கியிருந்தேன். இங்கே ஒன்றுதான் சிறந்த புள்ளி, ஆறு அடிமட்டம்.

ஆசிரியை தன்மையாகத்தான் சொன்னார். நான் கீழ்நிலைக் கணித வகுப்புக்கு மாற வேண்டும், அதற்கான படிவத்தில் அப்பா கையெழுத்திட வேண்டும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போவது கடினம் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

"என்ன சொல்லுறா?" என்றார் அப்பா.

"இன்னும் கவனமாப் படிக்கட்டாம். இதிலை கையெழுத்து வேணுமாம்."

அப்பா பேனையைத் தொடவில்லை. என் விடைத்தாளை இழுத்துப் பார்த்தார். அவருக்கு ஜெர்மன் வாசிக்க வராது என்ற தைரியத்தில் இருந்தேன். கணக்குக்கு ஜெர்மன் தேவையில்லை என்பதை மடச்சி நான் யோசிக்கவில்லை. பேக்கரியில் வேலை முடித்து நேரே வந்திருந்தவரின் விரல் 12x² + 18x என்ற வரியில் நின்றது. நான் 2(6x² + 9x) என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் சிவப்பு மையில் 6x(2x + 3).

"உள்ளுக்கை இன்னும் மூண்டும் எக்ஸும் பொதுவாக் கிடக்குது, பிள்ளை," என்றார். கோபமே இல்லை. "அதுக்கோ கையெழுத்து, வகுப்பை மாத்தப் போகினமோ?"

தலையாட்டினேன்.

"ஒருக்கால் கேள், மூண்டு மாசம் தரேலுமோ எண்டு. இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு, நான் வீட்டிலை சொல்லிக் குடுப்பன். பிறகு திரும்பச் சோதனை வைக்கட்டும்."

ஆசிரியை என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். திரும்பவும் அந்தச் சோதனையை எழுத நான் தயாராக இல்லை. அப்பாவுக்குச் சம்மதம் என்று ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை சிரித்து, நல்லது என்றார். நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"ஏலாதாம், அப்பா."

அவர் பேனையை எடுத்துக் கையெழுத்திட்டார். எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நன்றியும் சொன்னார்.

"பிள்ளைக்காக ஒருக்கால் கேட்டுப் பாத்தனான், அவ ஏலாதெண்டிட்டா" என்று இன்றும் வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பேன். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இந்த நாட்டில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அவருக்கு அந்தப் பதில்தான் கிடைத்திருக்கிறது. அன்று மட்டும் அதைச் சொன்னது அவருடைய சொந்தப் பிள்ளை. வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில் அவர் தோளில் சாய்ந்து, சோதனை தப்பியது என்ற நிம்மதியில் தூங்கிப்போன எனக்கு அது உறைக்கவே இல்லை.