பருந்து தொலைத்த ரசீது

முப்பத்தொரு ஆண்டுகள் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர் அவர். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவருக்கு இட்டிருந்த பெயர் ‘பருந்து’. எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்று எவருக்கும் தெரியாது. ஏறிவிட்டாலோ, சீட்டில்லாதவர் எவரும் தப்பியதில்லை. “காத்துல பறந்துபோச்சு சார்”, “இப்பதான் சார் கையில இருந்துச்சு” என்னும் விளக்கங்களை அவர் முழுதாகக் கேட்டதும் கிடையாது. “காட்டினா சீட்டு, காட்டலைன்னா அபராதம்” என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

ஓய்வு பெற்ற நான்காம் ஆண்டில் அவருடைய அண்ணன் காலமானார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மூன்று தரகர்கள் மூன்று அட்டைகளை நீட்ட, அண்ணி ஒன்றும் விளங்காமல் மூவருக்கும் தலையசைத்துவிட்டாள். பிற்பகலில் வீட்டு வாசலில் இரண்டு அமரர் ஊர்திகள் வந்து நின்றன. மூன்றாவது வழி தவறியதால் வரவில்லை. வந்த இரண்டின் ஓட்டுநர்களும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு ஒருவரையொருவர் ஏசினார்கள். அண்ணி ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு அவர்களுக்கு நடுவே நின்றாள்.

அந்த ஒற்றைச் செருப்பு அவர் கண்ணை விட்டு அகலவேயில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியோ, கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் அதைக் கேட்கவும் கூச்சப்படுகிறவள். தாம் போய்விட்டால் அவளும் இப்படித்தானே நிற்பாள்?

ஆகவே, இறுதி ஏற்பாடுகளுக்கு முன்கூட்டியே பணம் பெற்றுக்கொண்டு பதிவு செய்யும் அலுவலகம் ஒன்றை விசாரித்து அறிந்து, மனைவியிடம் சொன்னார்.

“நல்லா இருக்கே! கடைசிப் பயணத்துக்கும் முன்பதிவா?”

“சீட்டு இல்லாம நான் எந்த வண்டியிலயும் ஏறினதில்ல.”

“தாராளமா எடுங்க. என்னை ஏன் இழுக்கறீங்க? அந்த வாசப்படியை நான் மிதிக்கவே மாட்டேன்.”

மிதிக்கவும் இல்லை. கூட வந்தாள், ஆனால் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை பெஞ்சில், அலுவலகத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே மேசையில் இருந்தவர், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மாள். சுவரில், சவப்பெட்டிக்கான மரங்களின் மாதிரித் துண்டுகள் வரிசையாக மாட்டியிருந்தன. பெட்டி, நாற்காலி இருபது என்று படிவத்தைப் பருந்து தாமே நிதானமாக நிரப்பினார். ‘வண்டி: ஒன்று’ என்று எழுதி, அந்த ‘ஒன்று’க்குக் கீழே இரண்டு கோடுகள் இழுத்தார். ‘பொறுப்பாளர்’ என்னும் இடம் மட்டும் வெற்றாக நின்றது. மனைவிதான் எதிர்ப்பக்கத்தில் இருந்தாளே! கடைசியில், தம் கைப்பட ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்: ‘அசல் ரசீதைக் காட்டுவோருக்கு மட்டுமே.’

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சார், அடுத்தவங்க சாவைப் போயி யாரு சார் திருடப் போறாங்க?”

“முப்பத்தொரு வருஷம் பார்த்தவன்மா நான்.”

ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் மனைவி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், உதவி செய்யும் எண்ணத்தோடு அந்தச் சட்டையைத் தாமே வாளியில் ஊறப்போட்டார். ஊரார் பைகளையெல்லாம் சோதித்தவர் தம் பையைச் சோதிக்கவில்லை. அலசும்போது கையில் வந்தது ஒரு வெள்ளைக் கூழ் உருண்டை.

மனைவியிடம் மூச்சுவிடாமல் அலுவலகத்துக்கு ஓடினார்.

“இந்தப் பையிலதாம்மா வெச்சிருந்தேன். நேத்துக்கூட இருந்துச்சு.”

சொன்ன வார்த்தை தம் காதிலேயே விழுந்ததும் அவருக்கு ஒரு பழைய மழைநாள் நினைவுக்கு வந்தது. ஒருமுறை, நனைந்த குடையோடு நின்ற ஒரு பெண் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாள். அபராதம் எழுதி, அவளை மழையில் இறக்கிவிட்டவர் அவர்.

“எங்க பதிவேட்டுல உங்க பேரு இருக்கு சார்,” என்றார் அம்மாள், மனம் பொறுக்காதவராய். “ஆனா நிபந்தனை போட்டது நீங்க. அதை எடுக்கணும்னா பொறுப்பாளரும் வந்து கையெழுத்துப் போடணும். அந்த இடத்தைத்தான் நீங்க காலியா விட்டுட்டீங்களே!”

வீட்டுக்கு வந்து, வேறு வழியின்றி, கூழ் உருண்டையை மனைவியின் முன் வைத்தார். அவள் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

அலுவலக வாசற்படியில் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, தண்ணீரில் இறங்குபவளைப் போலச் சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். படிவத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். இரட்டைக் கோட்டின் மேல் விரல் நின்றது. அன்று அந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து அண்ணியைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் அழைத்துப்போனவள் அவள்தான். நிமிராமலே கேட்டாள்:

“இருபது நாற்காலியா? உங்க தங்கச்சி வீட்டுலயே பதினாலு பேரு. மிச்சப் பேரு நிக்கறதா? நாப்பது போடுங்கம்மா.”

“நாற்பதுக்கு வாடகை...” என்று தொடங்கினார் அவர்.

“நீங்க படுத்திருப்பீங்க. உங்களுக்கென்ன!”

அம்மாள் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிபந்தனையை அடித்துவிட்டு, பொறுப்பாளரின் இடத்தில் அவள் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டாள். எழவில்லை. பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டே, “ஏங்க, நான் முந்திக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

எல்லாவற்றையும் கணித்திருந்த மனிதர் அதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. மருத்துவமனைத் தாழ்வாரமும், நீட்டப்படும் மூன்று அட்டைகளும், அவற்றுக்கு முன்னால் தாம் நிற்பதும் அவர் கண்முன் வந்தன.

“தெரியும். மூணு பேருக்கும் தலையாட்டுவீங்க,” என்றாள் அவள். “அம்மா, இன்னொரு படிவம் குடுங்க.”

பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், வண்டிக்கான வரியை முதலில் நிரப்பினாள். ‘ஒன்று’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டாள். பொறுப்பாளரின் இடத்துக்குப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையெழுத்திட்டார்.

ரசீதுகள் இரண்டும் வந்தன. பழக்கம் விடவில்லை, அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அவள் அவற்றை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்து, இழுத்து மூடினாள்.

“நீங்க சோதிக்கிற ஆளு,” என்றாள். “சீட்டு ரெண்டும் என்கிட்ட இருக்கட்டும்.”