பங்காளி கையைப் பிடிங்க

ஒரு தேசத்துக்கு ஒரு கொடி, ஒரு நடனம் என்று நினைத்திருந்தேன். கோப்புக் கட்டியே பழகியவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு வந்த அமெரிக்க ஆசிரியர் அதைக் கலைத்தார். தம் ஊர் மலைக்காரர்கள் பிடில் இசைக்குக் குதிகாலால் பலகையைத் தட்டி ஆடுவதைக் காட்டினார். கறுப்பின மக்கள் வட்டமாக நின்று, மேளமில்லாமல் கைதட்டியே பாடுவதைச் செய்துகாட்டினார். தென்மேற்கில் ஸ்பானிய வழியில் வந்தவர்கள் கிதாருக்கு ஆடுவது வேறு என்றார். அத்தனையையும் தமிழில் சொல்லும் வேலை, தலைமைக் குமாஸ்தா என்ற பாவத்துக்கு, என் தலையில் விழுந்தது.

கடைசியாகச் சதுர நடனம். நான்கு ஜோடிகள் நிற்க, ஒருவர் கட்டளை சொல்லச் சொல்ல ஆட வேண்டும். பெண்கள் ஆடக்கூடாது என்றார் சாமியார். அமெரிக்கர் அசரவில்லை. தங்கம் தோண்டப் போன இடங்களில் பெண்களே இல்லாததால், ஜோடியில் ஓர் ஆண் கையில் கைக்குட்டை கட்டிப் பெண்ணாக ஆடினானாம்.

"பார்ட்னர் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள்" என்றார்.

கூட்டு வியாபாரப் பத்திரங்களை மொழிபெயர்த்துத் தேய்ந்த என் வாய், "எல்லாரும் பங்காளி கையைப் பிடிங்க" என்றது.

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணே, மொதல்ல நீங்க பிடிங்கலா! ஒங்க பங்காளி இங்கதான நிக்கிறாரு!"

நின்றிருந்தான், என் சித்தப்பா மகன். சாமியார் வந்து புதுவீட்டை மந்திரித்த விசேஷத்துக்கு எனக்கு அழைப்பைத் தபாலில் அனுப்பியவன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மூத்தவனுக்குத் தபாலில்! நேரில் வந்து அழைப்பதுதான் முறை. நான் போகவில்லை, அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது என் மகள் கல்யாண அறிவிப்பைக் கோயில் பூசையில் இரண்டாம் ஓலையாக வாசித்தாகிவிட்டது; இன்னும் ஓர் ஓலைதான் பாக்கி. அவன் வராவிட்டால் ஊர் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காது, அவனைப் பற்றித்தான் கேட்கும். அது தெரிந்தும், நான் முதலில் போவதா என்று இருந்தேன்.

அவன் கைக்குட்டையை நீட்டினான். "யாரு கட்டிக்கிறது? ரூல் என்ன சொல்லுது, அண்ணே?"

அந்த 'அண்ணே'யைக் கேட்டு வருஷங்களாகியிருந்தன. மூப்புப்படி அவன்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான வாதம் என்னிடம் தயாராக இருந்தது. ஆனால் மதியத்திலிருந்து நின்று கால் கடுத்தது. இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டு நின்றதும் அப்படித்தான் கடுத்தது. என் கையை நீட்டினேன்.

"கட்டுடா. தபால் மூட்டை மாதிரி இறுக்காத."

"ஸ்டாம்பு ஒட்ட வேணாமா?"

ஆடினோம். அமெரிக்காவில் எத்தனை வகை இருந்தாலும் அதை எதிலும் சேர்க்க மாட்டார்கள். கட்டளையை நானே மொழிபெயர்த்து, நானே தவறாகத் திரும்பி, அவன் காலை மிதித்தேன். முடிவில் "அவரவர் இடத்துக்குப் போங்க" என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். கையை விட்டோம்.

வீட்டு வாசலில் மனைவி கையில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்துப் பதறினாள். "என்னங்க, கையில அடியா?"

"ஒண்ணுமில்ல. கல்யாணப் பத்திரிகை ஒண்ணு எடுத்துட்டு வா. நேர்ல குடுக்கணும்."

"யாருக்கு?"

"என் பங்காளிக்கு."

"மொதல்ல உள்ள வந்து உக்காருங்க."

நான் செருப்பைக் கழற்றவில்லை. உட்கார்ந்தால் முறை ஞாபகத்துக்கு வந்துவிடும்.