ஆறு தாண்டாத காப்புறுதி

எங்கள் மாமாவுக்கு விவாதம் இருந்தால் சாப்பாடு வேண்டாம். சாப்பாடும் இருந்தால் இன்னும் நல்லது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் காரோட்டி வந்தவர், தன் அக்காவான எங்கள் அம்மா வைத்த மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே அப்பாவோடு தொடங்கிவிட்டார். அப்பாவுக்குச் சிட்னியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. எங்களை ஏற்றிப்போகத்தான் மாமா வந்தார். அம்மாவுக்கோ எட்டாம் மாதம்.

அப்பாவின் கவலை காப்புறுதி. அரசாங்கம் எல்லோருக்கும் வைத்தியச் செலவு கொடுக்காத காலம் அது. அவரவர் தத்தம் மாநிலத்துக் காப்புறுதிச் சங்கமொன்றில் சந்தா கட்டிச் சேர்ந்திருப்பார்கள். எங்களுடையது விக்டோரியாச் சங்கம். எல்லையாக ஓடும் மறே ஆற்றைத் தாண்டினால் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ். அங்கே புதிதாகச் சேர்ந்தால் பிள்ளைப்பேற்றுக்கு உடனே தரமாட்டார்கள் என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார்.

"ஒரு நாடுதானே அத்தான்? விக்டோரியாக்காரன் தன்ர காப்புறுதியைச் சிட்னியிலயும் வித்தா என்ன? இஞ்சத்தை வெண்ணெய் ஆறு கடந்து அங்க விக்குதுதானே?" என்றார் மாமா.

"வெண்ணெயும் ஆஸ்பத்திரியும் ஒண்டே? அங்க ஒரு கட்டணம், இஞ்ச ஒரு கட்டணம். பெரிய சங்கம் எல்லா இடமும் விக்க வெளிக்கிட்டா சின்னதுகள் செத்துப்போம். பிறகு அவன் வச்சதுதான் சட்டம்."

"இப்ப மட்டும் ஆர் வச்ச சட்டம்? பிறக்கப்போற பிள்ளைக்கு எல்லைக்கோடு தெரியுமே?"

எனக்கு ஏழு வயது. ஆற்றின் நடுவே ஒரு கோடு கீறியிருப்பார்கள், அதைத் தாண்டியவர்களை டொக்டர் தொடமாட்டார் என்று விளங்கிக்கொண்டேன்.

கடைசியில் மாமா, "சரி விடுங்கோ, ஆஸ்பத்திரிச் செலவு என்ர பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பினார். மைத்துனன் காசில் பிள்ளை பெறுவதா?

அப்போதுதான் குசினியிலிருந்து அம்மா வந்தார். "நீங்கள் ரெண்டு பேரும் என்னத்தையும் கதையுங்கோ. வயித்துப் பிள்ளையோட ஆறு கடக்கக் கூடாது. நான் வரமாட்டன்."

"அக்கா, பாலத்தால எல்லே போறம்! கால்கூட நனையாது."

"பாலத்துக்குக் கீழ ஆறுதானே ஓடுது?"

அதற்கு மேல் வழக்கில்லை. அப்பா மெல்ல உட்கார்ந்து கோப்பையைத் திரும்ப இழுத்தார்.

திங்கட்கிழமை அப்பா சிட்னி முதலாளிக்கு டெலிபோன் எடுத்து, மனைவி ஆறு கடக்கமாட்டாள் என்றார். அந்த வெள்ளைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பிள்ளை பிறந்தபின் அதோடேயே வாருங்கள் என்றாராம். தம்பி மெல்பேர்னில் சுகமாகப் பிறந்தான். விக்டோரியாச் சங்கமும் முகம் சுளிக்காமல் செலவைக் கட்டியது. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபின் மாமா மறுபடி காரோடு வந்தார்.

பாலத்தில் ஏறியதும் கண்ணாடியில் முகத்தை ஒட்டி எல்லைக்கோட்டைத் தேடினேன். பழுப்புத் தண்ணீர்தான் ஓடியது. முன்னால் ஆண்கள் இருவரும் விட்ட இடத்திலிருந்து விவாதத்தைப் பிடித்திருந்தார்கள்.

"அம்மா, இப்ப பயமில்லையே?" என்றேன்.

"என்ன பயம்?" என்றார் அம்மா, தம்பியின் தொப்பியைச் சரிசெய்தபடி.

நான் அதிகம் படித்தவளல்ல. ஆனால் கேட்ட கதையை மறப்பவளுமல்ல. என்னை வயிற்றில் சுமந்துகொண்டு கொழும்பில் கப்பலேறி, ஒரு சமுத்திரத்தையே கடந்து வந்தவர் அம்மா. எத்தனையோ தரம் கேட்ட கதை, அன்று அந்தப் பாலத்தில் மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்பாவுக்கு அந்தச் சனிக்கிழமை, கோப்பையைத் திரும்ப இழுத்தபோதே வந்திருக்கும்.